புளியரையில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தும் வாலரண்ட் (ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) ஏன் திக்குகிறது?

ஸ்பீடை விடுங்கள், பிங்கைப் பாருங்கள்; தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் பிங், மில்லிசெகண்டில் சொல்வார்கள். இந்த விளையாட்டுக்கு ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் தாராளம். புளியரையிலிருந்து மும்பை சர்வர் நேர்கோட்டில் சுமார் 1,200 கி.மீ.; கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே 12 மில்லிசெகண்ட் ஆகும். கேபிள் சுற்றித்தான் போகும் என்பதால் 40 வந்தால் நல்ல இணைப்பு.

முதலில் கணினியின் கமாண்ட் விண்டோவில் ரூட்டருக்கே பிங் கொடுங்கள் (பெரும்பாலும் ping 192.168.1.1). அதுவே 50, 100 என்று துள்ளினால் குற்றவாளி வைஃபை. லேன் கேபிள் போட்டால் தீர்ந்தது. கேட் 5இ வகை கேபிளே போதும்.

ரூட்டர் வரை சுத்தமா? அப்படியானால் வீட்டில் யாராவது கூகுள் போட்டோஸில் வீடியோ ஏற்றும்போது விளையாட்டு காட்டும் பிங்கைப் பாருங்கள். அப்போது மட்டும் 300க்கு ஏறினால், அப்லோடு வரிசையில் உங்கள் பாக்கெட் (விளையாட்டு அனுப்பும் தகவல் துண்டு) காத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். பலரும் கவனிக்காத இடம் இதுதான். ரூட்டரில் எஸ்க்யூஎம் (இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால், அளந்து பார்த்த அப்லோடு வேகத்தில் 85–90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். கொஞ்சம் வேகம் போகும், ஆட்டம் சீராகும். நிறுவனம் தரும் ரூட்டர்கள் பலவற்றில் இந்த வசதி இருக்காது. ஓப்பன்டபிள்யூஆர்டி (எஸ்க்யூஎம் தரும் இலவச ரூட்டர் மென்பொருள்) ஏற்கும் ரூட்டர் வாங்குவது வீண்செலவில்லை.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடாதீர்கள். புளியரை கேரள எல்லையில் இருப்பதால், போன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரளத்தின் ஆரியங்காவு பக்க டவருக்கும் மாறும்போதெல்லாம் பிங் எகிறும்.