யூரின் பிரச்சினை, நரம்புக் கருவி, சென்சார்: கேளுங்கள், சொல்கிறேன்

நான் பயோமெடிக்கல் இன்ஜினியர். டாக்டர் இல்லை, மருந்துச் சீட்டை அனுப்பாதீர்கள்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, அம்மாவுக்குப் பாத்ரூம் போவதற்குள் கசிந்துவிடுகிறது. மாத்திரை கேட்கவில்லை, கருவி வைக்கலாம் என்கிறார்கள். சிறுநீர்ப்பை நிறைந்தது அதற்கு எப்படித் தெரியும்?

தெரியாது, தம்பி. வாலெலும்புக்கு மேலே இருக்கிற எலும்பின் 3-ஆவது துளை வழியாக வயரை இறக்கி, பையைக் கட்டுப்படுத்த உதவும் எஸ்3 நரம்புக்கு மின்துடிப்புக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பை காலியா, நிறைந்ததா என்று பார்க்காது. அமெரிக்காவில் 1997-லேயே அனுமதி பெற்ற முறை. முதலில் சோதனை வயர். தொல்லை பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவி. அதை அளக்க, அளவுக் கப்பும் நோட்டும் வைத்து 3 நாள் எழுதுங்கள்: எப்போது, எத்தனை மில்லி, கசிந்ததா.

கடையம்: பீடி சுற்ற உட்கார்ந்தால் எழ நேரமில்லை, அடக்குகிறேன். இப்போது எரிகிறது. கருவி உதவுமா?

முதலில் யூரின் டெஸ்ட், அக்கா.

தென்காசி: கணுக்கால் ஊசி?

உள்கணுக்காலுக்குச் சற்று மேலே ஊசி குத்தி, அதன் வழியாக நரம்புக்கு மின்துடிப்புக் கொடுப்பார்கள். வாரம் ஒருமுறை 30 நிமிடம், 12 வாரம். நோட்டு இதற்கும் வேண்டும்.

பாளையங்கோட்டை மாணவர்: சுகர் சென்சார் மாதிரி பைக்குள் ஒரு ப்ரஷர் சென்சார் போட்டால் வேலை முடிந்ததே?

இருமினாலும் பைக்குள் அழுத்தம் ஏறும். அதனால்தான் பையின் வேலையை அளக்கும் யூரோடைனமிக் டெஸ்டில் மலக்குடலில் இன்னொரு குழாய் வைத்து, வயிற்றழுத்தத்தைக் கழிக்கிறார்கள். அப்புறம், யூரினிலேயே கிடக்கும் பொருள்மேல் உப்புப் படிந்து கல்லாகும். சென்சார் காட்டும் அளவும் நாளாக நாளாகச் சரியான அளவிலிருந்து நகரும்.

அதே மாணவர்: சென்சாரைப் பைக்கு வெளியே சுற்றி வைக்கலாமே!

2019-இல் எலிகளுக்குச் செய்தார்கள். பையைச் சுற்றி விரிவை அளக்கும் பட்டை, நரம்பை அடக்க ஒளி. ஆனால் அந்த நரம்புகளில் ஒளிக்குக் கட்டுப்படும் புரதத்தை வைரஸ் மூலம் ஏற்ற வேண்டியிருந்தது. உங்கள் பெரியப்பாவுக்கு ஏற்றுவீர்களா?

வள்ளியூர்: நரம்பின் சிக்னலையே படிக்கலாமே?

துடிப்புக்கு நரம்பு தரும் பதிலைப் படிக்கலாம். கரண்ட் போய்ச் சேர்ந்ததா என்று தெரியும். பை நிறைந்ததா என்று தெரியாது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

சுரண்டை: நோட்டெல்லாம் எதற்கு? நேராகக் கருவி வைக்க முடியாதா?

மேலே அம்பாசமுத்திரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

முக்கூடல்: அப்பாவுக்குச் சர்க்கரை. சொட்டுச் சொட்டாகப் போகிறது.

போனபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஒரேயடியாக அடைத்துக்கொண்டால் அன்றைக்கே.

மறுபடி மாணவர்: இருமலை மைக் வைத்துப் பிரித்துவிடலாம், அண்ணாச்சி.

குடம் தூக்கினால் சத்தமே வராது, அழுத்தம் ஏறும். அதையும் பிரித்துக் காட்டு, பேசுவோம்.