ஆறாம் வகுப்பிலேயே முடிவாகிவிடும் கால்குலஸ்

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். ஐந்தாம் வகுப்பு முடித்த மகள் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். ஆனால் ஆசிரியர், “ஆறாம் வகுப்பில் சாதாரணக் கணக்குப் பிரிவே போதும்” என்கிறார். பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் அம்மா. அங்கே கணக்குப் பாடம் ஏணிப்படி மாதிரி. எட்டில் அல்ஜீப்ரா 1, ஒன்பதில் ஜியோமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா 2, அடுத்து ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் பொறியியலுக்கு அடிப்படையான கால்குலஸ் (நுண்கணிதம்). எட்டில் ஒரு படி தவறினால் பள்ளிப்படிப்பு ப்ரீகால்குலஸோடு முடிந்துவிடும். அந்த எட்டாம் வகுப்பு இடமோ ஆறாம் வகுப்புப் பிரிவிலேயே முடிவாகிறது. ஆசிரியர் பரிந்துரையை மட்டும் வைத்துப் பிரிக்கும் இடங்களில், நன்றாகப் படிக்கும் கறுப்பினப் பிள்ளைகளும் கீழ்ப்பிரிவிலேயே தங்கிவிடுகிறார்கள். இது பழைய பிரச்சினை. கணிதத்தில் முனைவர் பட்டம் (1943) பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் யூஃபீமியா ஹேன்ஸ், தலைநகர் வாஷிங்டனின் பள்ளி வாரியத்தில் இருந்துகொண்டே இப்படிப் பிரிப்பதை எதிர்த்தார். 1967இல் நீதிமன்றம் அங்கே அதை ஒழித்தது.

உங்களுக்குச் சட்டமே துணை. 2023இல் டெக்சஸ் இயற்றிய எஸ்பி 2124 என்ற சட்டத்தின்படி, ஐந்தாம் வகுப்பு மாநிலக் கணக்குத் தேர்வில் மேல் 40 விழுக்காட்டுக்குள் வந்த பிள்ளையை ஆறாம் வகுப்பு உயர்நிலைக் கணக்கில் பள்ளி தானாகச் சேர்க்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு, ஆசிரியருக்கு இல்லை. மதிப்பெண் அறிக்கையில் சதமானம் (percentile, நூற்றில் எத்தனை பேரை முந்தினாள் என்ற எண்) 60 அல்லது அதற்கு மேல் இருந்தால், நகலை இணைத்து, பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. பள்ளி நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது விலகல் படிவமாக இருக்கலாம்.

இடம் கிடைத்தபின் பிள்ளைகள் சறுக்குவது வேறிடத்தில். மூன்று வருடப் பாடம் இரண்டில் அடைக்கப்படும். பின்னம், விகிதம், குறை எண்கள் ஆட்டம் கண்டால் அல்ஜீப்ரா நிற்காது. இந்தக் கோடையில் தினம் அரை மணி நேரம் அவற்றுக்கே கொடுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால்? பத்தில் ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ரா 2ஐயும் சேர்த்தே எடுக்கலாம். ஓட்டமாக முடிக்கும் கோடை வகுப்பைவிட இது பத்திரம்.

உயர்நிலைப் பள்ளியில் கால்குலஸ் உண்டா என்றும் முன்பே கேளுங்கள். 2020-21இல் கறுப்பின, லத்தீன் மாணவர் அதிகமுள்ள பள்ளிகளில் சுமார் 35 விழுக்காட்டில்தான் அது இருந்தது. குறைவாக உள்ளவற்றில் 54.

கல்லூரி தேடும்போது பார்க்க வேண்டியது குழுப் பயிற்சி. 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்குலஸில் தடுமாறிய கறுப்பின மாணவர்களைக் கணித ஆசிரியர் யூரி ட்ரைஸ்மன் கவனித்தார். உழைப்பில் குறையில்லை, தனித்தனியாகப் படித்ததுதான் குறை. அவர் பாடத்தை எளிதாக்கவில்லை, கடினமான கணக்குகளைக் கூடிப் போட வைத்தார். தேர்ச்சி ஏறியது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டமும் கூடிப் படிப்பதை வலியுறுத்துகிறது, உதவித்தொகையும் தருகிறது.