500 டன்னைத் தாண்ட

வணக்கமுங்க அண்ணா,

கோபிக்குப் பக்கத்துக் கிராமமுங்க. கரையோரக் கப்பலுக்கான என்.சி.வி. சான்றிதழை வைத்துக்கொண்டு ஓர் இழுவைக் கப்பலில் மேட்டாக, அதாவது கேப்டனுக்குக் கீழ் அதிகாரியாக, இருக்கிறேன். கப்பல் 500 டன்னுக்குள்தான். வெளிநாடு போகிற கப்பலுக்கான எஃப்.ஜி. பரீட்சை எழுதிப் பெரிய கப்பலுக்குப் போக ஆசை. போனால் முதலில் தேர்ட் ஆபீசர்தான், அதிகாரிகளில் கீழ்ப் படி. படிக்கிற மாசங்களில் சம்பளமும் வராது. மாமா சங்ககிரியில் லாரி வைத்திருக்கிறார். “ஹெவி லைசென்ஸ் எடுக்கற மாதிரிதானே, லீவுல முடிச்சுட்டு வா” என்கிறார். வீட்டில் பொண்ணும் பார்க்கிறார்கள். என்ன செய்யட்டுமுங்க?

க., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பி,

மாமா சொன்னது பாதி சரி. ஹெவிக்கும் லைட் லைசென்ஸ் எடுத்து ஒரு வருசம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு வருசமும் கார் ஓடியதா, ஷெட்டில் நின்றதா என்று யாரும் கேட்பதில்லை. கப்பலில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். எந்தக் கப்பல், எத்தனை டன், என்ன பதவி, எத்தனை மாசம். பரீட்சை எல்லாம் அப்புறம்.

கப்பல்காரர்களின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான உலக விதி எஸ்.டி.சி.டபிள்யூ. அதில் டன்னேஜுக்கு 500, 3000 என்று இரண்டு கோடுகள். 3000-க்கு மேல் சீஃப் மேட் (கேப்டனுக்கு அடுத்தவர்) ஆக வேண்டுமென்றால் 500-க்கு மேற்பட்ட கப்பலுக்கான வாட்ச் ஆபீசர் (முறை வைத்துக் கப்பலைக் கவனிக்கிற அதிகாரி) தகுதியோடு, அந்தப் பதவியில் 12 மாசம் ஓடியிருக்க வேண்டும். கேப்டனுக்கு 36, அதில் 12 மாசம் சீஃப் மேட்டாக இருந்தால் 24 போதும். இது உலகத்துக்கான குறைந்தபட்சம். நமக்கு மும்பையிலுள்ள கப்பல் துறைத் தலைமை அலுவலகம், டி.ஜி. ஷிப்பிங், வைத்ததுதான் சட்டம். உங்கள் இழுவைக் கப்பல் மாசங்களில் எத்தனை எடுபடும் என்பதை, வேலையை விடுவதற்கு முன்பே, அதற்குக் கீழுள்ள சென்னை எம்.எம்.டி. அலுவலகத்தில் காகிதத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், நேராக வகுப்பில் போய் உட்கார வேண்டாம். மும்பை ஹை எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகிற சப்ளை கப்பல்களில் 500-ஐத் தாண்டியவை நிறைய. முதலில் அங்கே மாறப் பாருங்கள். ஒரு படி கீழே இறங்கினாலும் பரவாயில்லை; சம்பளம் நிற்காது, மாசமும் பெரிய டன்னேஜில் ஏறும். ஆனால் பார்வையை நம்பி ஏறாதீர்கள். 1969 விதிப்படி டன்னேஜ் என்பது கப்பலுக்குள் மூடிய இடத்தின் கன அளவை வைத்துப் போடுகிற கணக்கு. நீளத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோட்டுக்குள் நிற்க வேண்டும் என்றே 499 டன்னில் கட்டிய கப்பல்கள் உண்டு. ஜெட்டியில் நின்று பார்த்தால் பெரிசாகத்தான் தெரியும். டன்னேஜ் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இறங்கும்போது கேப்டனிடம் வாங்குகிற சேவைக் கடிதத்தை அங்கேயே நின்று படியுங்கள். கப்பல் பெயர், ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் அடையாள எண்), டன்னேஜ், பதவி, ஏறிய தேதி, இறங்கிய தேதி. உங்கள் கடல் சேவைப் புத்தகமான சி.டி.சி.யில் குத்திய தேதியோடு ஒரு நாள் இடித்தாலும் திருத்தி வாங்குங்கள். கேப்டன் வேறு கப்பலுக்குப் போய்விட்டால் அந்த ஒரு கையெழுத்துக்கு ஆறு மாசம் அலைய வேண்டிவரும். பவானிக்காரப் பையன் ஒருவன் அலைந்தான்.

தேர்ட் ஆபீசர் கௌரவக் குறைச்சலா என்றால், கொஞ்சம் அப்படித்தான். என்னோடு இருந்த ஒருவர் சின்னக் கப்பலில் மாஸ்டராக இருந்துவிட்டு வந்தவர். எட்டிலிருந்து பன்னிரண்டு வாட்ச் முடித்துவிட்டு, லைஃப்போட்டுக்குள் குனிந்து உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டுகளின் காலாவதித் தேதியை நோட்டில் எழுதுவார். அவரைவிட வயதில் சின்ன சீஃப் மேட் அதைச் சரிபார்ப்பார். முதல் மாசம் முகம் கறுத்தே இருந்தது. அப்புறம் சரக்கு ஏற்றுவதையும் கப்பல் கவிழாமல் நிற்பதற்கான ஸ்டெபிலிட்டிக் கணக்கையும் அந்தச் சின்னவரிடமே கேட்டுக் கேட்டுப் படித்தார். இழுவைக் கப்பலில் உங்களுக்குக் கிடைக்காதது அதுதான். கப்பலைத் திருப்புவதில் நீங்கள் அவர்களுக்குக் கற்றுத்தரலாம்.

பொண்ணு விசயம். நம் பக்கம் மாப்பிள்ளையின் மாத வருமானத்தைத்தான் முதலில் விசாரிப்பார்கள். சம்பளம் இல்லாத மாசங்கள் வரப்போகிறது என்பதை நிச்சயத்துக்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். மாமா வாயால் போக வேண்டாம். வகுப்புச் செலவையும் சென்னை வாடகையையும் இப்போதிருந்தே தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அதில் நகைக்குக் கை வைக்க விடாதீர்கள்.

எம்.எம்.டி.யில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். சப்ளை கப்பல் ஏதாவது அமைந்தால் அதன் டன்னேஜையும் சேர்த்து.