செம்மண்ணைச் சிவக்க வைத்தது யார்?

கேள்வி: செம்மண்ணின் நிறம் இரும்புத் துருவால் வருவது என்று படித்திருக்கிறேன். அதில் நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு என்கிறாள் என் மகள். உண்மையா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: உண்மைதான். இரும்பு இப்படித் துருவேற ஆக்சிஜன் வேண்டும். ஆதிபூமியின் காற்றில் அது கிட்டத்தட்ட இல்லை. வெயிலின் துணையோடு நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியே விட்டவை சயனோபாக்டீரியாக்கள் என்ற நுண்ணுயிர்கள். வந்ததையெல்லாம் கடல்நீரில் கரைந்திருந்த இரும்பும் எரிமலை வாயுக்களும் விழுங்கிக்கொண்டிருந்தன. சேலம் கஞ்சமலையின் வரிவரியான இரும்புப் பாறை கடலடியில் படிந்த வகைதான். காற்றில் ஆக்சிஜன் தங்கத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கிருஷ்ணகிரிப் பக்கத்து நைஸ் (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய) பாறைகளுக்கோ வயது ஏறக்குறைய 250 கோடி! குவாரியில் புதிதாக உடைத்த கல்லைப் பாருங்கள்: உள்ளே சாம்பலும் கருப்பும், மழை வெயில் பட்ட மேல்தோல் மட்டும் பழுப்பு. அந்தத் தோல் உதிர்ந்து சேர்ந்ததுதான் உங்கள் கேழ்வரகுக் கொல்லை மண்.

ஏறிய துருவைக் கழற்றவும் நுண்ணுயிர்களுக்குத் தெரியும். மகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு. ஒன்றில் ஒரு டம்ளர் வயல் மேல்மண், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, கொதிக்கவைத்து ஆறவைத்த நீர் கழுத்துவரை. மற்றதிலும் அதே அளவுதான். மண்ணை மட்டும் நீர் விட்டுக் குக்கரில் அரைமணி நேரம் வேகவைத்துப் போடவும். இரண்டு, மூன்று வாரத்தில் முதல் பாட்டிலின் அடிமண் சாம்பல் நிறமாகும். நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, ஆக்சிஜனுக்குப் பதிலாகத் துருவில் உள்ள இரும்பையே சுவாசத்துக்குப் பயன்படுத்துவதால் வரும் நிறம் அது. அழுகிய முட்டை நாற்றமடித்தால் பயப்பட வேண்டாம். வெந்த மண் நிறம் மாறாது, அல்லது வெகுநாள் பிடிக்கும். நுண்ணுயிர்களின் சில வித்துகள் (உறங்குநிலை வடிவங்கள்) குக்கருக்கும் தப்பிவிடும். தினம் ஒருமுறை மூடியை லேசாகத் தளர்த்தி வாயுவை விடுங்கள். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது, வெடிக்கும். கிணறு தோண்டிய அடிமண்ணில் நுண்ணுயிர் குறைவு, அதனால் சோதனை தேறாது. ஏரிப் பாசன நெல்வயல் மண் சீக்கிரம் மாறும். சாம்பல் சேற்றைத் தட்டில் பரப்பிக் காயவைத்தால் பழுப்பு திரும்பும்.

கேள்வி: பாறைமேல் படரும் கல்பாசி பாறையைத் தின்னுமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: மெதுவாகத் தின்னும். அது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டு. சுரக்கும் அமிலம் கல்லை அரிக்க, பூஞ்சை இழைகள் விரிசலில் நுழைந்து பிளக்கும். பிரியாணியில் போடுவதும் இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான்.