தேவாலாவின் பழைய தங்கச் சுரங்கங்கள்

கேள்வி: நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர், தேவாலா காடுகளில் உள்ள பழைய தங்கச் சுரங்கங்களைப் பார்த்தபடி ஒரு நாள் மலைநடை செல்ல முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: வனத்துறையின் முன் அனுமதியும், அந்தக் காட்டை அறிந்த உள்ளூர்த் துணையும் இல்லாமல் அங்கே செல்ல வேண்டாம். 1880-ஐ ஒட்டி லண்டனில் பங்குகளை விற்றுத் திரட்டிய பெரும்பணத்தில் இங்கே பல நிறுவனங்கள் சுரங்கம் தோண்டின. ஆனால் வெண்கற்பாறையில் (குவார்ட்ஸ்) எதிர்பார்த்த அளவு தங்கம் கிடைக்காததால், சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை மூடப்பட்டன. அவர்கள் விட்டுச்சென்ற செங்குத்துக் குழிகளின் வாய் புல்லாலும் உண்ணிச்செடியாலும் மூடிக்கிடப்பதால், காலை வைத்த பிறகே பள்ளம் தெரியும் என்பதுதான் என்னை மிகவும் அஞ்சவைக்கிறது. சுரங்கக் குகைக்குள் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள்; மண்சரிவும் காற்றோட்டமின்மையும் உயிரைப் பறிக்கக்கூடியவை. தமிழகத்திலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்றான தேவாலாவுக்கு ஜனவரி, பிப்ரவரியில் செல்வது நல்லது. யானை நடமாட்டம் மிகுந்த பகுதி என்பதால், மாலை நான்கு மணிக்குள் சாலைக்குத் திரும்பிவிடுங்கள்.