சியாட்டில் போன்ற மழை ஊரில், குடியிருப்போர் சங்க வளாகத்துப் புதர்களை மருந்தடிக்காமல் பராமரிக்க ஆள் வைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

இலை ஈரமாக இருக்கும்போது வெட்டவே விடாதீர்கள். அங்கே ஓரளவு உலர்ந்த மாதங்கள் ஜூலை, ஆகஸ்ட்தான். ஈரத்தில் வெட்டினால், வேலியாக வளர்க்கும் பாக்ஸ்வுட் புதரைத் தாக்கும் கருகல் பூஞ்சை கத்தி வழியே அடுத்த செடிக்குத் தொற்றும். இலையில் பழுப்புப் புள்ளி, இளந்தண்டில் கறுப்புக் கோடு தெரியும். ஒவ்வொரு செடிவேலி முடிந்ததும் பிசினைத் துடைத்து, கத்தியை 70% ஆல்கஹாலால் நனைக்க வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், வாய்ச்சொல் நிற்காது.

இயந்திரத்தால் மேலாக மொட்டையடிப்பது பார்க்க அழகு, ஆனால் வெளி இலை அடர்ந்து உள்ளே காற்று புகாது. பூஞ்சைக்கு அதுதான் கொண்டாட்டம். கைக்கத்தரியால் உள்கிளைகள் சிலவற்றை அடியோடு எடுக்கச் சொல்லுங்கள். வேலி அடியில் அகலமாக, மேலே குறுகலாக இருக்கட்டும். ரோடோடென்ட்ரான் என்ற பூப்புதரைப் பூ உதிர்ந்ததுமே வெட்டுங்கள். தாமதித்தால் அடுத்த வருடப் பூ போச்சு. நோய் கண்ட இலைக்குப்பையைக் கம்போஸ்டில் போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.