ஐசிபி-எம்எஸ்ஸில் (உலோகங்களை அளக்கும் கருவி) சாயக்கழிவுநீர் ஓட்டினால் அரை மணி நேரத்தில் சிக்னல் இறங்குகிறது. நெபுலைசர் அடைப்பா?

திருப்பூர் சாயப்பட்டறையின் ஆர்ஓ ரிஜெக்ட் தண்ணீர் (ஆர்ஓ வடிகட்டல் ஒதுக்கித் தள்ளும் உப்பு மிகுந்த நீர்), பத்து மடங்கு நீர்த்தது, கண்ணாடி கான்சென்ட்ரிக் நெபுலைசர் என்கிறீர்கள். அடைப்பாகத்தான் இருக்கும். ஆனால் எங்கே அடைப்பு என்று தெரியாமல் கழற்ற வேண்டாம்.

இந்த நெபுலைசரில் நடு நுண்குழாய் வழியே மாதிரி வரும். அதைச் சுற்றி முடியை விட மெல்லிய இடுக்கில் ஆர்கான், நிமிடத்துக்குச் சுமார் 1 லிட்டர். வேகமாகச் சீறும் வாயு திரவத்தை இழுத்துச் சிதறடிக்கிறது. பெயின்ட் ஸ்ப்ரே கன் மாதிரிதான். சுமார் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகளை ஸ்ப்ரே சேம்பர் வடிகாலுக்குத் தள்ளிவிடும். மாதிரியை அயனிகளாக்கும் சூடான பிளாஸ்மாவுக்குப் போய்ச் சேர்வது உறிஞ்சியதில் 1 முதல் 2 சதவீதம்தான், மிச்சமெல்லாம் கழிவுக் கேனுக்கு.

சிலிண்டர் ஆர்கானில் ஈரமே கிடையாது. நுனியில் ஒட்டும் துளி அங்கேயே காய்ந்து உப்புப் பூக்கிறது. உப்புத் தண்ணீர் விடும் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயின் வாய் வெளுத்துப் போகுமே, அதே கதை.

நெபுலைசர் வாயுவின் பின்னழுத்தத்தைப் பாருங்கள். அதே ஓட்டத்துக்கு அழுத்தம் ஏறியிருந்தால் வாயு இடுக்கில் உப்பு. அழுத்தம் மாறாமல் மாதிரி மட்டும் மெதுவாக ஏறினால் நுண்குழாயில் துகள், அல்லது பம்ப் டியூப் தளர்ந்துவிட்டது. மாதிரிக் குழாயில் ஒரு காற்றுக்குமிழி விட்டு அது நகரும் வேகத்தைப் பார்த்தாலே தெரியும். இரண்டும் சரியாக இருந்து சிக்னல் இறங்கினால், பிளாஸ்மாவின் அயனிகள் கருவிக்குள் நுழையும் கோனின் துளையைப் பாருங்கள். முதல் மாதிரியிலேயே இறங்கி, பிளாங்க் (மாதிரி கலக்காத வெறும் அமில நீர்) ஓட்டியதும் இன்டர்னல் ஸ்டாண்டர்டு (எல்லாவற்றிலும் ஒரே அளவு சேர்க்கும் தனிமம்) சிக்னல் பழைய அளவுக்கு வந்துவிட்டால் அது அடைப்பே அல்ல, மாதிரியிலுள்ள உப்பு மற்ற அயனிகளின் சிக்னலை அமுக்குவது.

உங்கள் நீர்த்தலே போதாது என்பது என் கணிப்பு. ஐசிபி-எம்எஸ்ஸில் கரைந்த உப்பு பொதுவாக 0.2 சதவீதம், அதாவது லிட்டருக்கு 2000 மில்லிகிராம் தாண்டக் கூடாது. ரிஜெக்டில் 40,000 இருந்தால் பத்து மடங்கு நீர்த்தும் 4000. நீர்த்தலை முடிவு செய்யும் முன் உப்பின் அளவை அறிய கண்டக்டிவிட்டி மீட்டரை வையுங்கள். கூடுதலாக நீர்த்தால் குளோரைடும் குறையும். நிறை எண் 75-இல் ஆர்கான் குளோரைடு ஆர்சனிக்காக வேஷம் போடுவதும் தணியும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் பிறகு 2 சதவீத நைட்ரிக்கில் ஒரு நிமிடமாவது கழுவுங்கள். ஆர்கான் ஹியூமிடிஃபையர் இருந்தால் போடுங்கள், பாதித் தொல்லை போய்விடும். டைஜஸ்ட் செய்த (அமிலத்தில் சூடாக்கிக் கரைத்த) மாதிரியைச் சென்ட்ரிஃப்யூஜ் செய்து, உறிஞ்சும் ஊசி அடிவண்டலைத் தொடாத உயரத்தில் வையுங்கள். கரைந்த உலோகம் மட்டும் வேண்டுமென்றால் 0.45 மைக்ரான் ஃபில்டர் போதும்.

அடைத்துவிட்டால் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, சோனிக்கேட்டரிலும் போடக் கூடாது; நுண்குழாய் அதிர்ந்து உடையும். நுனியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, நுனிப் பக்கமிருந்து பின்னோக்கித் தண்ணீரைத் தள்ளுங்கள். அசையவில்லையென்றால் நீர்த்த நைட்ரிக்கில் இரவு முழுக்க ஊறட்டும். ஹெச்எஃப் (ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்) கலந்த மாதிரி இந்தக் கண்ணாடிக்கு ஆகவே ஆகாது, அதற்கு பிஎஃப்ஏ பிளாஸ்டிக் நெபுலைசர்தான்.

தினமும் இதே தண்ணீர்தான் என்றால் வீ-குரூவ் அல்லது பேரலல் பாத் வகை நெபுலைசருக்கு மாறிவிடுங்கள். அவற்றில் மாதிரிப் பாதை அகலம், உப்பைத் தாங்கும். நெபுலைசரை மாற்றும் அன்றைக்கே வடிகால் பம்ப் டியூபையும் மாற்றுங்கள். அது தளர்ந்து ஸ்ப்ரே சேம்பரில் தண்ணீர் தேங்கினால் பிளாஸ்மா அணைந்துவிடும்.